முடிவு சொன்னா மணி அடிப்பாங்க

அந்தப் புஸ்தகத்தைக் கொஞ்சம் திருப்பிக் காட்டு கண்ணு, அட்டையைப் பாத்துக்கறேன். அட, இதுவா! இதை நான் போன பொங்கலுக்கே படிச்சு முடிச்சுட்டேன். நெம்ப நல்ல புஸ்தகம். நீ எதுவரைக்கும் வந்திருக்கே? கல்யாண மண்டபம் தீப்பிடிக்கறது வந்துருச்சா? இன்னும் வரலியா? வரும், வரும். அதைப் பத்த வெச்சதே அந்தத் தாய்மாமன்தான். ஏங்கண்ணு, மூடி வெச்சுட்டே? படி, படி. நீ பாட்டுக்குப் படி, நான் பாட்டுக்குப் பேசிட்டு வர்றேன். வேண்டாமா? சரி, கண்ணுக்கும் ஓய்வு வேணுமில்ல.

எம்பேரு கமலவேணி. கோயமுத்தூர்ல வடவள்ளிப் பக்கம் அப்பார்ட்மெண்ட்டு. டெலிபோன் ஆபீசுல வேலை பாத்தேன். பேசிப் பேசியே பென்சன் வாங்கினவள்னு எங்க அண்ணன் கிண்டல் பண்ணுவாரு. இப்ப இந்த ரயில்ல மெட்ராசுக்கு, மக ஊட்டுக்குப் போறேன். மகளைப் பாக்கறது ஒரு சாக்குத்தான், வேற ஒரு வேலையும் இருக்குது. அதைப் பொறவு சொல்றேன்.

எங்க அப்பார்ட்மெண்ட்டுல வாசகர் வட்டம்னு ஒண்ணு இருக்குது. நாந்தான் ஆரம்பிச்சேன். மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழமை பொழுதோட கீழ ஹால்ல கூடுவோம். சுண்டல் உண்டு. பழைய புஸ்தகமெல்லாம் எங்ககிட்ட ஆகாது. இப்ப எழுதறவங்க, நம்ம நாட்டுல எழுதறவங்க, எந்த பாஷையா இருந்தாலும் தமிழ்ல வந்திருந்தாச் சரி. நான் தேடித் தேடிப் புடிப்பேன் கண்ணு. கடையில நின்னுக்கிட்டே பாதி புஸ்தகம் படிச்சிருவேன், கடைக்காரப் பையன் ஸ்டூல் கொண்டாந்து போட்டுருவான். மலையாளத்துல ஒண்ணு, வளைகுடாவுல இருந்து திரும்பி வந்த நர்சம்மா சொந்த ஊட்டுலயே வாடகைக்குக் குடியிருக்கறா. மராட்டியில ஒரு லாரி ஓட்டற பொம்பளை தன் கதையைத் தானே எழுதியிருக்கறா. தெலுங்குல ஒரு பேய்க்கதை, பேயி லிப்ட்டுக்குள்ள குடியிருக்குது, நாலாவது மாடியில மட்டும் லிப்ட்டை நிக்கவே உடாது. வங்காளத்துல முழுக்க முழுக்கப் படமா வரைஞ்சு ஒண்ணு வந்துச்சு, ஒரு குடை ஊரெல்லாம் கைமாறிப் போகுது, ஒரு வார்த்தை கெடையாது. அதையும் உடல நானு, ஒவ்வொரு படமா வாயில சொல்லியே முடிச்சேன்.

புஸ்தகத்தோட பேரு மட்டும் எனக்கு நிக்காது. எழுதினவங்க பேரும் நிக்காது. ஆனா கதை நிக்கும். கடைசி வரி வரைக்கும் நிக்கும்.

இப்ப நீயே சொல்லு. ஒரு புஸ்தகத்தை ஒருத்தருக்குப் படிங்கன்னு சொல்றதுன்னா எப்படிச் சொல்லோணும்? 'நல்லாருக்கும், படிங்க'ன்னு சொன்னா ஆரு படிப்பாங்க? ஒரு பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறோம். 'நல்ல பையன்'னு ஒத்தை வார்த்தையில முடிச்சுக்கறமா? கூட்டம் என்ன, கொலதெய்வக் கோயில் எது, தோட்டந்தொரவு எவ்வளவு, அப்பன் எப்படி, தாத்தன் எப்படின்னு பூராவும் விசாரிக்கறமில்ல? புஸ்தகமும் அப்படித்தான். மொதல்ல இருந்து கடைசி வரைக்கும், ஆரு செத்தாங்க, ஆரு ஆரைக் கட்டிக்கிட்டாங்க, அம்புட்டையும் எடுத்துச் சொன்னாத்தானே படிக்கறவங்களுக்கு ஒரு நம்பிக்கை வரும்?

நான் அப்படித்தான் சொல்லுவேன். நர்சம்மா கதையைச் சொல்லி முடிச்சப்ப, ரெண்டாவது மாடி ஆடிட்டர் வரதராஜு கையெடுத்துக் கும்புட்டாரு. "அக்கா, நீங்க சொன்னதே போதுங்க. படிச்ச மாதிரியே ஆயிருச்சு"ன்னாரு. இந்த மாதிரி ஒரு பாராட்டு வேற ஆருக்குக் கெடைக்கும்? ஒவ்வொரு மாசமும் ஒவ்வொருத்தர் இதையே சொல்லுவாங்க. ஒரே ஒரு கொறை என்னன்னா, ஒருத்தராச்சும் புஸ்தகத்தைப் படிச்சுட்டு வரோணுமில்ல? வர மாட்டாங்க. சோம்பேறிங்க. அத்தனை சொல்லியும் படிக்கலைன்னா அவங்களை என்ன பண்றது?

அவங்க படிக்கலைன்னாக் கூட எனக்குப் பெருசில்லை. எங்கூட்டுக்காரரு படிக்கோணும். அதுதான் எனக்கு வாழ்க்கையில ஒரே ஆசை. ஒரு புஸ்தகம், ஒரே ஒரு புஸ்தகம் முழுசாப் படிச்சுட்டு, என்ற பக்கத்துல உக்காந்து அதைப் பத்தி நாலு வார்த்தை பேசோணும். கேட்டாச் சின்ன ஆசையாத்தான் தெரியும். எங்கூட்டுக்காரரை நீ பாத்ததில்லை.

பம்புசெட் கம்பெனியில வேலை பாத்து ரிட்டையர் ஆனவரு. நல்ல மனுசன், ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. ஆனா பேச்சு கெடையாது. காலையில 'காப்பி'ம்பாரு, மத்தியானம் 'சோறு'ம்பாரு, அதோட அன்னைக்குப் பேச்சு முடிஞ்சுது. நான் அடுப்படியில நின்னு படிச்ச கதையெல்லாம் சொல்லுவேன். அவரு கீழ உக்காந்து கீரை ஆஞ்சுட்டே 'ம்' கொட்டுவாரு. ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் அவருக்கு ஒரு புஸ்தகம் வாங்கிக் குடுத்திருக்கறேன். வெவசாயம் பத்தி, பட்டாளத்தைப் பத்தி, சக்கரை வியாதியைப் பத்தின்னு எத்தனையோ. எல்லாம் டிவிக்கு அடியில முட்டுக் குடுத்துட்டு நிக்குது. ஏனுங்க படிக்கலைன்னு கேட்டா, "அதான் நீ சொல்லீட்டியே"ம்பாரு. சாக்கு!

இந்த லட்சணத்துல இருக்கறப்பத்தான் மூணாவது மாடிக்கு ஜெஸிந்தான்னு ஒரு பொண்ணு குடி வந்தா. நாகர்கோயில்காரி, பல் டாக்டரு. வந்த மாசமே வாசகர் வட்டத்துக்கு வந்துட்டா. நல்ல பொண்ணுதான், நான் கொறை சொல்லல. ஆனா அவ புஸ்தகம் சொல்ற லட்சணத்தைக் கேளு. வந்தவங்களையெல்லாம் கேள்வி கேக்கறா. "அங்கிள், உங்களுக்குச் சாப்பாட்டப் பத்திப் படிக்கப் பிடிக்குமா, சண்டையப் பத்தியா?" "ஆன்ட்டி, கடைசியா எதைப் பாத்து வாய்விட்டுச் சிரிச்சீங்க?" பல்லை நோண்டிப் பாக்கற மாதிரி ஒவ்வொருத்தரையா நோண்டறா. பொறவு பையில இருந்து ஒரு புஸ்தகத்தை எடுத்துக் குடுத்து, "முதல் அத்தியாயம் மட்டும் படிங்க, பிடிக்கலைன்னா திருப்பிக் குடுத்திருங்க"ங்கறா. அம்புட்டுத்தான். கதை என்ன, முடிவு என்ன, ஒரு மண்ணும் சொல்றதில்லை.

என்னையும் கேட்டா. "ஆன்ட்டி, உங்க வீட்ல அங்கிளுக்கு என்ன பிடிக்கும்?" அவரு படிக்க மாட்டாரும்மான்னேன். "அது சரி ஆன்ட்டி, அவருக்கு என்ன பிடிக்கும்?"னா. தட்டப்பயிறு கொழம்புன்னேன். சிரிச்சுட்டா. இதுல சிரிக்கறதுக்கு என்ன கெடக்குது?

ஆனா கெரகம், அடுத்த மாசம் எல்லாரும் படிச்சுட்டு வந்து நின்னாங்க! வரதராஜு ஒரு விஞ்ஞானக் கதையைப் படிச்சுட்டு, நூறு வருசம் கழிச்சு நொய்யல் ஆறு என்ன ஆகும்னு கத்திக் கத்திப் பேசறாரு. அவரு சம்சாரம் சமையலைப் பத்தி ஒரு கன்னடக்காரம்மா எழுதினதைப் படிச்சுட்டு அழுகறா. சரி, புதுசா வந்த புள்ளை, மொகத்துக்கோசரம் படிச்சிருப்பாங்கன்னு நான் உட்டுட்டேன்.

அன்னைக்குத்தான் அந்தச் சட்டத்தையும் போட்டாங்க. இனிமே வட்டத்துல ஆரும் முடிவைச் சொல்லக் கூடாதாம். சும்மா சட்டம் போட்டாப் பத்தாதுன்னு, வரதராஜு அவரு ஊட்டுப் பூஜை மணியைக் கொண்டாந்து மேசை மேல வெச்சுட்டாரு. ஆராச்சும் கதையோட முடிவுகிட்ட நெருங்கினா, டிங்டிங்குன்னு அடிக்கறது. மொத நாள் நான் வாயைத் தொறந்தேன், அடிச்சாங்க. 'அந்த மராட்டிக்காரி லாரியைக் கடைசியில'ன்னு சொல்ல வந்தேன், அடிச்சாங்க. கீழ வெளையாடிட்டு இருந்த கொழந்தைங்கெல்லாம் பூஜைன்னு நெனச்சு, கையை நீட்டிட்டுப் பிரசாதத்துக்கு வந்து நின்னுச்சுங்க. சுண்டலைக் குடுத்து அனுப்பினோம்.

ஊட்டுக்கு வந்து சொன்னா, "மணி உனக்குத்தான் வெச்சிருக்காங்க"ன்னாரு எங்கூட்டுக்காரரு. அவருக்கு என்ன தெரியும்? பொதுவா வெச்சது. நெறையாப் பேசறவங்களுக்கு நெறையா அடிக்கத்தான் செய்யும்.

இருந்தாலும் எனக்கு ஆத்தரம் கண்ணு. நான் ஆரம்பிச்ச வட்டத்துல எனக்கே மணி அடிக்கறதா? சரி, சட்டம்னா சட்டம், இனிமே ஆருகிட்டயும் எந்தப் புஸ்தகத்தோட முடிவையும் சொல்றதில்லைன்னு வைராக்கியமா இருந்துட்டேன். ஊட்டுலயும் சொல்றதில்லை. ஊட்டுக்கு ஒண்ணு, வெளிய ஒண்ணுன்னு எனக்கு இருக்கத் தெரியாது.

அந்த மாசம் நான் படிச்சது ஒரு துப்பறியற கதை. அஸ்ஸாம்ல இருந்து வந்தது. தேயிலைத் தோட்டத்து மேனேஜரு, எலை காய வெக்கற மாடியில செத்துக் கெடக்கறான். விசாரிக்க வர்றது ஒரு பொம்பளை இன்ஸ்பெக்டரு, கெட்டிக்காரி. டைப்பிஸ்டு மேல சந்தேகம், மச்சினன் மேல சந்தேகம். கொன்னது டாக்டரு. உனக்குச் சொல்லலாம், ரயில்ல மணி கெடையாது.

எங்கூட்டுக்காரருக்கு வழக்கம்போலச் சொல்லிட்டு வந்தேன். அவரு வெந்தியக்கீரை ஆஞ்சுட்டு இருக்கறாரு. இன்ஸ்பெக்டரம்மா குடோனுக்குப் போறா, மூலையில ஒரு தேயிலைப் பொட்டி, ஆணி மட்டும் புதுசா மின்னுது, கடப்பாறையை உட்டு நெம்பறா, பொட்டி தொறக்குது. அதோட நிறுத்திட்டேன்.

அவரு நிமுந்து பாத்தாரு. "பொட்டிக்குள்ள என்ன?"ன்னாரு.

கேட்டியா கண்ணு? கேள்வி கேட்டாரு! எத்தனை கதை சொல்லியிருப்பேன், ஒரு நாளும் ஒரு கேள்வி கேட்டதில்லை. எனக்குச் சொல்லோணும்னு நாக்கு துடிக்குது. ஆனா சட்டமாச்சே. "சொல்ல மாட்டேனுங்க. வேணும்னாப் படிச்சுக்குங்க"ன்னுட்டேன்.

"வெளையாடாத வேணி"ன்னாரு. நான் அசையல. அடுத்த நாளு கேக்காமயே கடைக்குப் போயி நெய் மைசூர்பாக்கு வாங்கிட்டு வந்தாரு. தின்னேன். சொல்லல. மெட்ராசுக்குப் போனைப் போட்டு மககிட்ட, "உங்கம்மா உனக்கு அந்தத் தேயிலைக் கதையைச் சொன்னாளா?"ன்னு கேட்டிருக்கறாரு. அப்பா தானாப் போன் பண்ணிட்டாருன்னு அவ பதறிப் போயி என்னைக் கூப்புடறா, "அம்மா, அப்பாவுக்கு ஒடம்புக்கு என்ன?"ன்னு. அதுவும் பலிக்கலைன்னதும் என்ன பண்ணினாரு தெரியுமா? பல்லு வலின்னு சொல்லிட்டு ஜெஸிந்தா கிளினிக்குக்குப் போயிட்டாரு! நாற்காலியில படுத்து வாயைத் தொறந்துட்டு, "ஏம்மா, அந்தப் பொட்டிக்குள்ள என்ன இருந்துச்சு?"ன்னு கேட்டிருக்கறாரு. அவ பல்லைச் சுத்தம் பண்ணி அனுப்பிட்டா. முடிவு சொல்லல. அன்னைக்குத்தான் அந்தப் பொண்ணு மேல எனக்கு ஒரு மருவாதி வந்துச்சு.

திரும்பி வந்து, "என்ற கண்ணாடி எங்க?"ன்னாரு.

கண்ணாடியை எடுத்துக் குடுத்தேன், புஸ்தகத்தையும் குடுத்தேன். கள்ளத்தனமாக் கடைசியைப் பாத்துருவாருன்னு, கடைசிப் பக்கத்தையெல்லாம் ஒண்ணாச் சேத்துத் துணிக்கு மாட்டற கிளிப்பை வரிசையாப் போட்டுத்தான் குடுத்தேன். பால்கனியில சேரைப் போட்டுட்டு உக்காந்தாரு. மொத அத்தியாயத்துல இருந்து, வாயை முணுமுணுத்துட்டு, ஒவ்வொரு வரியா.

நான் குக்கர் வெக்கல. விசில் அடிச்சா அவருக்குத் தொந்தரவு. சட்டியில சோறு வடிச்சேன். டிவி போடல. சொந்தக்காரங்க ஒரம்பரை வந்தாங்க, "மெதுவாப் பேசுங்க, அவரு படிக்கறாரு"ன்னு வாசல்லயே சொன்னேன். "ஏனுங்க்கா, பரிச்சை எழுதறாரா?"ன்னு கேட்டாங்க. போனாப் போகுதுன்னு அதுக்கும் சிரிச்சு வெச்சேன். எனக்கு அன்னைக்கு ஆரு மேலயும் கோவமே வரல கண்ணு.

ஒரு வாரம் போச்சு. ஒரு நாள் பொழுதோட எந்திரிச்சு வந்தாரு. கிளிப்பையெல்லாம் கொடியில மாட்டிட்டு, புஸ்தகத்தை மடியில வெச்சுட்டு சோபாவுல உக்காந்தாரு. முடிச்சுட்டாரு! நான் ஓடிப் போயி பக்கத்துல உக்காந்தேன். "டாக்டர் மேல உங்களுக்கு முன்னாடியே சந்தேகம் வந்துச்சுங்களா? எனக்கு அவன் கையுறை போட்டப்பவே"ன்னு ஆரம்பிச்சேன். கையைக் காட்டி நிறுத்தினாரு.

"இரு வேணி. நான் சொல்றேன்"ன்னாரு.

சொன்னாரு கண்ணு. மொதல்ல இருந்து சொன்னாரு. நான் அதைப் படிக்கவே இல்லைங்கற மாதிரி, எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்கற மாதிரி, மேனேஜரு எப்படி உழுந்து கெடந்தான்னு சோபாவுல சாஞ்சு காட்டினாரு. கடப்பாறையில நெம்பறதைக் கையில நெம்பிக் காட்டினாரு. ரெண்டு எடத்துல தப்பாச் சொன்னாரு. திருத்தலாம்னு எனக்கு வாய் நுனி வரைக்கும் வந்துருச்சு. அவரு மொகத்தைப் பாத்தேன். முந்தானையை வாயில வெச்சுட்டு உக்காந்துட்டேன். கல்யாணம் ஆனதுல இருந்து அந்த மனுசன் எங்கிட்ட அம்புட்டு நேரம் பேசினதே இல்லை. சந்தோசத்துல எனக்கு அழுகையே வந்துருச்சு. ஆசைப்பட்டது நடந்துருச்சு, இனி என்ன வேணும்னு இருந்துச்சு.

அத்தோட உட்டிருக்கலாம். சூட்டோட சூடா அடுத்த புஸ்தகத்தைக் குடுத்துரோணும்னு எனக்கு ஒரு அவசரம். எதைக் குடுக்கறது? அந்த ஜெஸிந்தா கேக்கற மாதிரி கேட்டுப் பாப்பமேன்னு, "ஏனுங்க, இதுல உங்களுக்கு ஆரை நெம்பப் புடிச்சுது?"ன்னு கேட்டேன். இன்ஸ்பெக்டரம்மான்னுதான் சொல்லுவாருன்னு நெனச்சேன். பொம்பளை போலீஸ் கதையா நாலு எடுத்துக் கூட வெச்சிருந்தேன்.

"அந்த இன்ஸ்பெக்டரம்மா ஊட்டுக்காரன்"ன்னாரு.

"அப்படி ஆரும் அதுல இல்லீங்களே"ன்னேன்.

"இருக்கறான்"ன்னாரு.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. எங்கிட்டயே சொல்றாரு பாரு! நான் படிச்ச புஸ்தகம், அடுப்படியில நின்னு அவருக்கே கதை சொன்ன புஸ்தகம். எழுதினவங்களுக்கே மறந்திருக்கும், எனக்கு மறக்காது. "நீங்க வேற எதோடயோ கொழப்பிக்கிட்டீங்க"ன்னேன். அவரு புஸ்தகத்தை எங்கிட்டக் குடுத்துட்டுக் காலாற நடக்கப் போயிட்டாரு.

தப்புன்னு காட்டோணும்னுதான் எடுத்தேன். இருந்தான் கண்ணு.

மொத அத்தியாயத்துலயே இருந்தான். அவ ஸ்டேசன்ல இருந்து வந்தா கதவைத் தொறந்து உடறது அவன். அவ கேசைப் பத்திப் பேசிட்டே இருப்பா, அவன் அவ சட்டையைத் தேய்ச்சுட்டே கேட்டுட்டு இருப்பான். ஒவ்வொரு அத்தியாயத்துலயும் இருக்கறான். அந்தப் பொட்டி இருக்குதில்ல, ஆணி புதுசா இருக்குதுன்னு மொதல்ல சொன்னதே அவன்தான். அவ காதுல உழுகல. பொறவு அவளாக் கண்டுபுடிச்ச மாதிரி நெனச்சுக்கறா. நானும் அப்படித்தானே நெனச்சேன்? அவருக்கும் உனக்கும் அப்படித்தானே சொன்னேன்? ஒரு எடத்துல அவன் என்னமோ சொல்ல வர்றான், அதுக்குள்ள போன் அடிக்குது, அவ எந்திரிச்சுப் போயிடறா. அவன் என்ன சொல்ல வந்தான்னு கடைசி வரைக்கும் வரவே இல்லை. அவனுக்கு ஒரு பேரு கூட வெக்கல. 'அவள் கணவன்', 'அவள் கணவன்'னே போகுது. எழுதினவங்க மேல எனக்கு அப்படி ஒரு கோவம். ஒரு மனுசனுக்கு ஒரு பேரு வெச்சா என்ன கொறைஞ்சா போயிருவாங்க?

அவரு நடந்துட்டு வந்தாரு. "இருக்கறானுங்க"ன்னேன். "ம்"ன்னாரு. "அடுத்தது என்ன மாதிரி புஸ்தகம் வேணுமுங்க உங்களுக்கு?"ன்னேன்.

"அவன் பேசற மாதிரி ஒண்ணு இருந்தாக் குடு"ன்னாரு.

அதுக்குத்தான் கண்ணு மெட்ராசுக்குப் போறேன். எங்கூட்டு அலமாரி பூராப் பொரட்டிட்டேன். பேயி பேசுது, கொலைகாரன் பேசறான், லாரி ஓட்டறவ பேசறா. இந்த மாதிரி ஆளு எல்லாத்துலயும் இருக்கறான், ஓரத்துல நிக்கறான், பேச மாட்டேங்கறான். இத்தனை நாளா அவனை நான் பாக்காமயே படிச்சிருக்கறேன். ஜெஸிந்தாகிட்டயும் கேட்டேன், தேடறேன் ஆன்ட்டின்னா. கோயமுத்தூர்க் கடைக்காரனுக்கு நான் சொல்றது வெளங்கவே இல்லை. மெட்ராசுல பெரிய கடையெல்லாம் இருக்குது, ஒண்ணு உடாம ஏறி எறங்கிப் பாக்கோணும்.

உன்னைப் பாத்தா நெறையாப் படிக்கற புள்ளையாட்டத் தெரியுது. அப்படி ஒரு புஸ்தகம் நீ படிச்சிருக்கறயா கண்ணு? எந்த பாஷையா இருந்தாலும் பரவால்ல. ஞாபகம் வந்தாச் சொல்லு, மெதுவா யோசிச்சே சொல்லு. நான் நடுவுல பேச மாட்டேன்.